கங்கை மண் உருண்டை

அய்யோ, அந்தச் செடியை எடுக்காதேங்கோ மாமி! கீழே வெச்சுடுங்கோ. பூ நெறைய இருக்கா? அதுக்குத்தான் வேண்டாங்கறேன். தமிழ்ப் பேச்சு காதுல விழுந்துதேன்னு ஓடி வந்தேன். அந்தப் பூவெல்லாம் ஆத்துக்குப் போறதுக்குள்ள கொட்டிடும், அப்புறம் வெறுங் குச்சிதான்.

ஊருக்குப் புதுசா? சாந்த்ராகாச்சியா! மாமாவுக்கு ரயில்வேயா? நாங்க பவானிபூர். இவருக்குக் கம்பெனி ஆபீஸ். ஜகந்நாதர் தேருன்னா இங்கே தெருவெல்லாம் செடிக்கடைதான், ரதமேளாம்பா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து வருஷா வருஷம் மல்லிச்செடி வாங்கறேன். ஒண்ணாவது தங்கணுமே!

இலையைத் திருப்பிப் பாருங்கோ. அடியில வெள்ளையாப் பொடி மாதிரி ஒட்டிண்டிருக்கே, பூச்சி. அது வேண்டாம். இது நெட்டையா வளந்துடுத்து, தண்டுல பலமே இல்லே. குட்டையா, கிளை விட்டு, பூவே இல்லாம இருக்கு பாருங்கோ ஒண்ணு, அதுதான் பொழைக்கும். இரு தாதா, இரு, பாத்துத்தானே எடுக்கணும்! இந்தக் கடைக்காரன் வேற, பறக்கறான். அண்ணாவை இங்கே தாதாம்பா.

இவ்வளவு பாத்து வாங்கியும் ஏன் தங்கல்லேன்னு கேக்கறேளா? அதைச் சொன்னா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரது. வேரைச் சுத்திக் களிமண்ணை உருட்டி வெச்சிருக்கான் பாருங்கோ. ஈரம் இருக்கறப்பவே அதை உதிர்த்துட்டு நட்டுடணும். ஆனா இங்கே ஓடறதும் கங்கையாச்சே, எங்க மாமியாருக்கு அது கங்கை மண்ணு! காசியிலேர்ந்து ஒரு சொம்பு ஜலம் வந்தாலே ஊரைக் கூட்டறவா நாம. இங்கே கூடை கூடையா வந்தா விடுவாளா? உருண்டையோட சுவாமிகிட்ட வெச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் தொடவே விடமாட்டா. அதுக்குள்ள அது செங்கல்லாப் போயிடும். அப்பவும் ஒடைக்கப்படாது, பாவமாம். அப்படியே குழியில எறக்கணும். அதுவும் என் கையாலதான் எறக்கணும்.

போன வருஷம் பட்டுப்போனதைப் பிடுங்கிப் பாத்தேன் மாமி. உருண்டை வெச்சது வெச்சபடி இருக்கு. ஒரு வேராவது வெளியில வந்திருக்கணுமே! உள்ளேயே சுத்திச் சுத்தி மக்கிப்போயிருந்தது. மாமியார்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கங்கையையா குத்தம் சொல்றே, உன் கைக்கு ராசியில்லேன்னு சொல்லுன்னுட்டா. இவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கல்லே. அதுலேர்ந்து வரவா போறவாகிட்டயெல்லாம் அதே பேச்சுதான். இவ கை பட்டா எதுவும் துளிர்க்காது, செடியும் சரி, வயிறும் சரின்னு. நான் அங்கேயே காபி கலந்துண்டு நிப்பேன்.

இல்லே மாமி, குழந்தை இல்லே. வைத்தியர் எல்லாம் பாத்தாச்சு. என்னை மட்டுந்தான் பாத்தா.

இந்த வருஷம் நான் யாரையும் கேக்கப்போறதில்லே. அதோ அந்தக் குழாயடியிலேயே உருண்டையைக் கரைச்சுட்டு, தொட்டி மண்ணுல மாத்தி எடுத்துண்டு போயிடுவேன். கேட்டா, கடைக்காரன் இப்படித்தான் குடுத்தான்னு சொல்லிடறேன். பொய்தான், இருக்கட்டும். நெஜத்தைச் சொல்லி என்னத்தைக் கண்டேன்?

செடி எனக்கான்னா கேக்கறேள்? எனக்கெதுக்கு மாமி இனிமே? ஆவணியில எங்காத்துக்காரருக்குக் கல்யாணம். ஆமாம், சரியாத்தான் கேட்டேள், எங்காத்துக்காரருக்குத்தான். பொண்ணு என் தங்கை சாவித்ரி. பன்னண்டு வயசு. வேத்து மனுஷி வர்றதுக்கு இது தேவலைன்னு எங்கப்பாவே ஒத்துண்டுட்டார். வந்த அன்னிக்கே அவ கையில இந்தச் செடியைக் குடுத்து நடச் சொல்லுவா எங்க மாமியார். பட்டுப்போச்சுன்னா அந்தக் குழந்தையையும் இதே பேச்சுப் பேசுவா. அவ நடறதாவது துளிர்க்கட்டும். கொஞ்சம் நகருங்கோ மாமி, பின்னால இருக்கிற செடியை எடுத்துப் பாக்கறேன்.