முப்பத்தெட்டு மூச்சு

இரவு ஒன்றேகால் மணி. புறவழிச் சாலை... முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. தனியாகக் காரில் போய்க்கொண்டிருந்தவன் எனக்குத் தெரிந்த ஓர் ஓவியக்காரனுடைய மச்சான். நம்பாதவர்கள் எழுந்து போய்ப் படுக்கலாம். விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

மச்சானுக்குப் பழைய சினிமாப் பாட்டுகளைச் சுத்தம் செய்கிற வேலை. கீறல், இரைச்சல் எல்லாவற்றையும் லேப்டாப்பில் நீக்கிவிட்டு, கடைசியாகக் காரில் போட்டுக் கேட்பான். காரில் நன்றாக இருந்தால் எங்கேயும் நன்றாக இருக்கும் என்று அந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை.

அன்றைக்குக் கையில் இருந்தது ஒரு பின்னணிப் பாடகியின் கடைசிப் பாட்டு. எத்தனையோ கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவள்; அவள் முகம் ஒருவருக்கும் தெரியாது. இருமல் மருந்தைக் குடித்துக் குடித்துப் பாடினாளாம். வரிக்கு வரி மூச்சு இரைக்கும். ஒலிநாடாவைக் கொடுத்த கிடங்குக்காரர், மூச்சில் மட்டும் கை வைக்காதே என்றார். இவனுக்குத்தான் வாய்க்கொழுப்பு ஆயிற்றே.

"ஏன், அந்தம்மா வந்து என் கழுத்தைப் பிடிக்குமா?"

சிரித்துக்கொண்டே ஒன்று விடாமல் வெட்டினான். முப்பத்தெட்டு.

காரில் பாட்டு ஓடியது. முதல் மூச்சு இருந்த இடம் வந்தது... பாட்டோடு டயர் சத்தமும் நின்றது. எஞ்சின் சத்தமும் நின்றது. அடுத்த வரியில் எல்லாம் திரும்பி வந்தன. இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவது இடத்தில், பின் சீட்டிலிருந்து குப்பென்று இருமல் மருந்து வாடை.

"என் முகம்தான் வேணாம்னீங்க... மூச்சுமா வேணாம்?"

காதுக்குப் பக்கத்தில். திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

போன் அடித்தது. மனைவி. ஆறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம்.

"மூச்சு நிக்குதுங்க... வருது... மறுபடி நிக்குது."

அவன் காரை ஓரமாக நிறுத்தி, லேப்டாப்பைத் திறந்து, வெட்டிய மூச்சுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் ஒட்டினான். ஒன்று ஒட்டியதும் போனில் "வந்துடுச்சு" என்றாள் மனைவி. அடுத்தது. "வந்துடுச்சு." இப்படியே முப்பத்தெட்டும். குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று அவள் சொன்னபோது, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதான்.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். அப்படியே இறங்கிப் போயிருக்கலாம்... மனசு கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாட்டை இன்னொரு தடவை போட்டு, விரல் விட்டு எண்ணினான். முப்பத்தெட்டும் இருந்தன. பாட்டு முடிந்தது.

அதற்கப்புறம் இன்னொன்று கேட்டது.

சின்ன மூச்சு. இரைப்பு இல்லை. காருக்குள் இருமல் மருந்து வாடை போய், பால் வாடை அடித்தது. மாடியில் விளக்கு எரிந்தது. மனைவி அவனைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது.

அது உள்ளே இழுத்த மூச்சு. வெளியே விடுகிற சத்தத்துக்காக அவன் காத்திருந்தான்... ஒலிப்பதிவு அதோடு முடிந்திருந்தது.