அருணாதேவி ஸ்டாப்

கைதிக்குப் போன் குடுக்கக்கூடாதுன்னா குடுக்காதீக, மேடம். நான் திரும்பக் கேக்கல. விருதுநகர் போயி, பஸ் மாறி, மதுரை ஜெயிலுக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. பேசவாச்சும் விடுங்க.

என்ன கேட்டீக? ஆமா, அது எங்க வீட்டுப் பேருதான். எள்ளுமூட்டையார் வீடு. கோர்ட்ல வாசிச்சவரு தடுக்கித் தடுக்கி விழுந்தாரே, பாத்தீகளா? எங்க பக்கம் யாவாரக் குடும்பத்துக்கெல்லாம் இப்பிடி ஒரு பேரு இருக்கும். என் மாமனாரோட பாட்டனாரு விருதுநகர்ப் பேட்டையில எள்ளு மூட்ட மேலயே படுத்து, மேலயே எந்திரிச்சு யாவாரம் பண்ணாராம். கீழ எறங்குனா எவனும் தூக்கிட்டுப் போயிருவான்னு பயம். அப்ப விருதுநகர்னு சொல்றதில்ல, விருதுபட்டி. கஞ்சப்பயன்னு கேலியா வச்ச பேர, இப்ப கலியாணப் பத்திரிகையில தங்க எழுத்துல அடிக்கிறாக. எழுதுறது எள்ளுமூட்டையார். வாயில வாறது எள்ளூட்டையாரு. முழுசாச் சொன்னா வெளியூரு ஆளுன்னு கண்டுபிடிச்சிருவோம்.

அந்தப் போர்டா? யானை இல்ல மேடம், ஆனை. ஆனைக்குட்டம். குட்டம்னா ஆழமாத் தண்ணி கெடக்குற எடம். ஆனை எறங்குனாலும் முங்கிரும்னு சொல்லுவாக, யாரு எறக்கிப் பாத்தா. நீங்க திருவண்ணாமலப் பக்கமா? அதான். நாளைக்கே உங்கள மல்லாங்கிணறு போலீஸ் ஸ்டேஷனுக்கு மாத்துனாலும் மாத்துவாக. அங்கன போயி கிணறுன்னு நிறுத்திச் சொல்லிராதீக. மல்லாங்கெணறு. எங்க, சொல்லுங்க பாப்போம். ம், வருதே.

ஆனா இந்த எள்ளுமூட்டையாரு பேரு இருக்கே, அது ஆம்பளைகளுக்குத்தான். கடைக்கு வைப்பாக, மண்டபத்துக்கு வைப்பாக. பட்டாசுக் கம்பெனிக்கு மட்டும் வைக்க மாட்டாக. அதுக்கு வீட்டுப் பொம்பள பேருதான். மருமக வந்தா மருமக பேரு, மக பொறந்தா மக பேரு. லட்சுமின்னு சொல்லிக்கிடுவாக. லைசென்சும் அவ பேருலயே எடுத்துருவாக. எங்க வீட்டு வழக்கம் இது.

நான் வாக்கப்பட்டு வந்த வருசம் ஆரம்பிச்சாக, அருணாதேவி ஃபயர்ஒர்க்ஸ். கேட்டுல என் பேரப் பாத்து எங்கப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. நானும் பெருமைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கேட்டுக்குள்ள நான் போனதே இல்ல. வேலைக்கு வாறவுக முக்காவாசி பொம்பளைகதான், நான் மட்டும் போனா குடும்ப மரியாத போயிருமாம். மாமனாரு சொல்லுவாரு. பேரு மட்டும் உள்ள இருந்துச்சு.

இந்தா, கண்டக்டர் கத்துறாரு, கேட்டுச்சா? அர்ணாதேவி எறங்குன்னு. அது நாந்தான், மேடம். இந்த ஸ்டாப்புக்கு எந்தக் கவர்மெண்டும் பேரு வைக்கல. வேலைக்கு வாறவுக சொல்லிச் சொல்லி ஊர்ப் பேரு மாதிரி நின்னுபோச்சு. கொஞ்சம் இப்பிடி மறைச்சாப்ல உக்காருங்க. எறங்குறவுக செத்த எடத்தப் பாத்து அழ வாறவுக.

முந்தாநாள் ஷெட்டு வெடிச்சதுலருந்து ஊரே இதத்தான் சொல்லுது. அருணாதேவியில வெடிச்சிருச்சு, அருணாதேவியில செத்துப்போனாகன்னு. முருகம்மா, சங்கிலிமுத்து, இசைவாணி. ஜட்ஜு முன்னால வாசிக்கும்போதுதான் அந்தப் பேருகள மொதமொத கேக்கேன். அவுக தெனமும் என் பேரச் சொல்லி டிக்கெட் வாங்கியிருக்காக. எனக்கு வெக்கமா இருக்கு. அழுகயும் வர மாட்டேங்குது.

எங்க வீட்டுக்காரரா? வீட்டுல இருக்காரு. லைசென்சுல அவரு பேரு இல்லையே. ஜாமீன் எடுத்துரலாம், தைரியமா இருன்னாரு.

எனக்கு என்னையப் பத்திக் கவல இல்ல, மேடம். போன் கேட்டது அதுக்கில்ல. ஒரே மக, பிரீத்திகா. காலேஜு மொத வருசம், போன மாசந்தான் பதினெட்டு முடிஞ்சிச்சு. எங்க கம்பெனிக்குச் சீல் வச்சாச்சு, அதுக்காகத் தீபாவளி ஆர்டர் நிக்குமா? சாத்தூர்ப் பக்கம் வேற எடம் பாத்துட்டாக. காலையில நீங்க என்னையக் கூட்டிட்டு வரும்போது டீப்பாய் மேல புதுசா ஒரு லேபிள் கெடந்துச்சு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீக. பிரீத்திகா ஃபயர்ஒர்க்ஸ். சின்னப் பிள்ளையில பாவாட கட்டி எடுத்த போட்டோ போட்டு, நாலு கலர்ல.

சாயங்காலம் வக்கீலு வாறாரு, அவகிட்ட லைசென்சுக் காயிதத்துல கையெழுத்து வாங்க. அம்மாவ வெளிய எடுக்கத்தான்னு சொல்லுவாக. அவ ஒடனே போட்டுருவா, என் மேல அம்புட்டு உசுரு.

நம்பரு எனக்கு மனப்பாடம். என் கையில குடுக்க வேண்டாம், நீங்களே பேசுங்க, தாயி. எதுலயும் கையெழுத்துப் போடாதன்னு மட்டும் சொல்லுங்க. யாரு பேசுறதுன்னு கேப்பா. அருணாதேவின்னு சொல்லிராதீக, வெடிச்ச எடத்துலருந்துன்னு நெனச்சுப் பயந்துருவா. அம்மா சொல்லச் சொன்னான்னு சொல்லுங்க.