கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெயும் என் மாப்பிள்ளையும்

ஒரே தும்மலில் ஒலிபெருக்கியைப் பழுதாக்கிவிட்டு அடக்கமே உருவாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பேருந்துகளைப் பெற்ற பிள்ளைபோல் பேணும் பணிமனைப் பெருமக்களே! அந்தப் பெருமக்களையும் கட்டி மேய்க்கும் தாய்மார்களே! மூத்தோரே! முன்வரிசையில் உறங்குவோரே! உங்கள் உறக்கத்தைக் கெடுக்க வந்தவனின் வணக்கம்.

எண்ணெயைப் பற்றிப் பேச நான் யார்? உண்மையில் பேச வேண்டியவர் மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் என் தங்கை கணவர். ஓட்டுநர். அவர் வீட்டில் முட்டை பொரித்தால், அது நீச்சல் பழகிய பிறகுதான் தட்டுக்கு வரும்.

சென்ற ஆண்டு மருத்துவச் சோதனையில் அவருக்குக் கொழுப்பு கூடுதல் என்றார்கள். நேரே கடைக்குப் போனார். ஒரு டின்னில் கொட்டை எழுத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை'. பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயம். வாங்கி வந்தார். அன்றோடு கரண்டிக்கு ஓய்வு, டின்னே நேராகச் சட்டியில் கவிழ்ந்தது. தங்கை தடுத்தாள். அவர் சொன்ன பதில்: "அதுலதான் கொலஸ்ட்ராலே இல்லையே, எவ்வளவு ஊத்துனா உனக்கென்ன?"

அன்பர்களே! செடியில், மரத்தில் விளைந்த எந்த எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருந்தது? 'என் பூனைக்குக் கொம்பில்லை' என்று நான் எழுதி ஒட்டினால், அது பூனையின் பெருமையா? டின்னின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் பாமாயில் என்றிருந்தது. உறையும் கொழுப்பு அதில் அதிகம். நம் இரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான்.

அடுத்த சோதனையில் அளவு எகிறியது. இதயத்துக்கு ஆபத்து, குறையும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று மருத்துவர் எழுதிவிட்டார். இப்போது மாப்பிள்ளை, நடத்துநர்களுக்குப் பயணச்சீட்டுக் கட்டு கொடுக்கும் அறையில் நாற்காலி ஓட்டுகிறார். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மச்சான், வெளிய பஸ் கிளம்புற சத்தம் கேட்டா, கால் தானா கிளச்சைத் தேடுது."

நான் சிரிக்கவில்லை, தோழர்களே.

என்னம்மா கேட்டீர்கள்? எதைத்தான் வாங்குவது என்றா? கடலை, எள், சூரியகாந்தி, தவிடு, இவற்றில் ஒன்றை வாங்குங்கள். மாற்றியும் வாங்குங்கள். வனஸ்பதியை வாசலோடு அனுப்புங்கள். எதுவானாலும் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தேக்கரண்டி போதும். எண்ணாமல் ஊற்றவா அதற்கு எண்ணெய் என்று பேர்?

வீட்டில் அளந்தால் போதுமா? மதியச் சாப்பாடு நம் கேன்டீனில்! அந்தச் சட்டி எண்ணெய்க்குப் பணிமூப்பு அடிப்படையில் மேலாளர் பதவியே கொடுக்கலாம். கேன்டீன் அக்காவைக் கேட்டேன். "அடியில புதுசு, மேல புதுசு, நடுவுலதாண்ணே பழசு" என்றார். திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெய் நஞ்சாகும் என்றேன். யோசித்தார். நீங்கள் எல்லாரும் சொன்னால் தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, பொரிப்பதை வாரம் ஒருநாளாக்கி, மற்ற நாள் அவித்தே போடுவதாக ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு மறுசோதனை. அளவு குறைந்திருக்குமா? எனக்குத் தெரியாது. மூன்று மாதமாகக் கரண்டியால் அளக்கிறார், அது தெரியும். மதியம் இந்தச் சட்டியில் சாப்பிடுகிறார், அதுவும் தெரியும். ஆகவே கேட்கிறேன்: பழைய எண்ணெயைக் கொட்டச் சம்மதிப்போர் கை தூக்குங்கள்!

ஆகா! மாப்பிள்ளை, ஓர் ஆளுக்கு ஒரு கைதான், இரண்டையும் தூக்காதீர்கள். அக்கா, பார்த்துக்கொண்டீர்களா? இவ்வளவு கைகளுக்கும் என் நன்றி. தூக்காதவர்களுக்கு நாளை அவித்த கிழங்கோடு வணக்கம்!