'லாம்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிய அம்மையார்

மேடையில் அமர்ந்திருக்கும் நீதியரசர் அவர்களே, கல்வித் துறைச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிய கண்களோடு இருக்கும் அம்மையாரின் தம்பி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

சட்ட வரைவுப் பிரிவில் அவருக்கு அடுத்த நாற்காலியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன். மறைந்த நம் அம்மையாருக்கு அலுவலகம் வைத்த பெயர் என்ன? 'வேண்டும் அம்மா'! கேலிக்கு வைத்த பெயர்தான். பிறகு அதுவே பட்டமாயிற்று.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பள்ளிகள் 'சேர்த்துக்கொள்ளலாம்' என்றுதான் கல்விச் சட்டத்தின் முன்வரைவில் இருந்தது. அதை அடித்துவிட்டு, 'சேர்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினார் அம்மையார். வரைவுக் குழுத் தலைவர் கொதித்துப்போனார்.

"ஏம்மா, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மல்லுக்கட்டா? 'லாம்'னு இருந்தாலும் நல்ல மனசுள்ளவங்க சேர்த்துக்குவாங்கல்ல?"

"நல்ல மனசுள்ளவங்களுக்குச் சட்டமே தேவையில்லைங்க ஐயா. மத்தவங்களுக்காகத்தானே நாம உக்காந்து எழுதுறோம்?"

என்ன துணிவு! அவருடைய பதவி உயர்வுக் கோப்பு அதே தலைவரின் மேசையில் கிடந்த நேரம் அது. கோப்பு கிடந்தபடியே கிடந்தது. அவர் எழுதிய சொல் சட்டமாயிற்று.

அதைவிடப் பெரிய சோதனை பின்னால் வந்தது. சக்கர நாற்காலியில் வந்த சிறுமியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அந்தச் சட்டத்தின்கீழ் முதல் புகார். எந்தப் பள்ளியின் மீது? அவருடைய சொந்தத் தம்பி நடத்திய பள்ளியின் மீது! தம்பி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"அக்கா, வகுப்பெல்லாம் மாடியில இருக்கு. நான் என்ன செய்வேன்? நீ எழுதுன சட்டம்தானே, நீயே ஒரு ஓட்டை காட்டு."

"ஓட்டை இல்லாமப் பாத்துத்தான்டா எழுதினேன். வகுப்பைக் கீழ இறக்கு."

"கூடப் பொறந்தவன்னு பாக்கமாட்டியா?"

"பாக்கறதாலதான்டா வலிக்குது. போ, போய் இறக்கு."

கதவை அறைந்துவிட்டுப் போனார் தம்பி. அந்தப் புகாரை விசாரிக்கும் குழுவில் தாமும் ஓர் உறுப்பினர் என்பதால், அன்றே அதிலிருந்து விலகிக்கொண்டார் அம்மையார். மதியம் சாப்பிடவும் இல்லை. தீர்ப்பு வந்தது, வகுப்பு கீழே இறங்கியது, சிறுமி உள்ளே போனாள். ஆனால் ஆண்டுக்கணக்கில் அக்கா வீட்டுப் பக்கம் தம்பி தலைவைத்தும் படுக்கவில்லை.

போன மாதம்தான், அக்கா நோயுற்றுக் கிடந்த மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "அக்கா, இப்ப அந்த மாதிரிப் பிள்ளைங்க என் பள்ளியில நிறையப் பேரு. பஸ்ஸுலதான் ஏத்த முடியல" என்றார்.

அம்மையார் சிரித்தார். "அதுக்கும் ஒரு விதி எழுதினா, மறுபடி கோவிச்சுக்குவியாடா?"

"எழுது அக்கா."

எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, நண்பர்களே! நாங்கள் எழுதுவோம். நாளைக் காலை வரைவுப் பிரிவு கூடுகிறது. முதல் ஆளாக வந்து கருத்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார், இதோ, அவர் தம்பி. அம்மையாரே, நிம்மதியாகப் போய்வாருங்கள். ஒவ்வொரு பள்ளிப் பேருந்தின் படியும் ஒரு சக்கர நாற்காலி ஏறும் அளவுக்குத் தாழும்வரை நாங்கள் ஓயமாட்டோம்!