பூனா ட்ரங்க் கால்

“ஹலோ... ஹலோ... ஆமாங்க, திருப்பூர்தானுங்க... குடுங்க, பேசறேனுங்க... ஹலோ! தேவா? டேய், தேவசகாயம்! ஈஸ்வரன்டா... ஈஸ்வரமூர்த்தி! காது கேக்குதா? ... கேக்குது, கேக்குது. சொல்றா!”

பனியன் மடித்துக்கொண்டிருந்த சாரதாமணியின் கை நின்றுபோனது. தேவசகாயத்தை அவளுக்குப் பெயரளவில் தெரியும். நாகர்கோவில்காரன். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு அவசர அவசரமாக ஆபீசர் எடுத்தார்களே, அப்போது டேராடூன் அகாடமியில் அவள் புருஷனுக்குப் பக்கத்துக் கட்டில். ஈஸ்வரமூர்த்தி ஐந்து வருஷத்தோடு பட்டாளத்தை விட்டு வந்து மாமனாரின் பனியன் கம்பெனியில் உட்கார்ந்தான். தேவசகாயம் அங்கேயே தங்கிக் கேப்டனாகி, இப்போது பூனாவில் ஏதோ ஆபீசில் இருக்கிறான். கல்யாணத்துக்கு வராதவன், குழந்தை பிறந்தபோது ஒரு கார்டு போடாதவன், பட்டப்பகலில் ட்ரங்க் காலில் குலாவுகிறானென்றால்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஐப்பசி மாதம். பேப்பரைத் திறந்தால் வங்காள எல்லை, அகதிகள், சண்டை வரும் வராது என்ற பேச்சு. பழைய ஆபீசர்களைத் திரும்ப எடுக்கிறார்களாம் என்று காதர்பேட்டைப் பனியன் சந்தைக்குச் சரக்கெடுக்க வந்த பம்பாய் வியாபாரி ஒருவர் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்தஞ்சு சண்டையின்போது அவள் புதுப்பெண். தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தாலே வாசல் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தப் பயத்தை இன்னொரு தரம் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

“யாரு, அந்தப் பஞ்சாபி கில்லா? ... மெடலா! எங்க, நாகா மலையிலயா? ... அட, அவனா? கயித்துல ஏறுடான்னா பாதியில தொங்கிட்டு அவங்கம்மாளைக் கூப்பிடுவானே, அவனுக்கா மெடலு? ... ஹாஹாஹா! ஆமா, ஆமா... நான்தான்டா கீழ நின்னு முட்டுக் குடுத்தேன். என்ற தோள்ல அவன் பூட்ஸு போட்ட காயம் இன்னும் இருக்குது...”

வீட்டின் முன்னறைதான் கம்பெனி ஆபீஸ். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அவன் இப்படி வயிறு குலுங்கச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆளை மயக்குகிறான் பூனாக்காரன். முதலில் சிரிக்க வைப்பான், அப்புறம் ரோஷம் ஏற்றுவான், கடைசியில் ரயில் ஏற்றிவிடுவான். அவள் மடித்த பனியனையே மறுபடி உதறி மடித்தாள்.

“நம்ம பொன்னப்பாவா? ... சொல்லு... அதுக்குள்ள மேஜரா? ... எல்லையிலயா? ... நூறு சிப்பாயுள்ள ஒரு கம்பெனி முச்சூடும் அவங்கையிலயா? ...” குரல் இறங்கியது. “நல்லது... நல்லது. இல்லடா, சந்தோஷந்தான். பாசிங் அவுட் பரேடுல எனக்குப் பின்னால நின்னவனாச்சே... நானா? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன். எங்கிட்டயும் கம்பெனி இருக்குதல்ல... ஆமா. பனியன் கம்பெனி.”

இப்போதும் சிரித்தான். இந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

சொன்னேனா, ரோஷம் ஏற்றுகிறான் என்று சாரதாமணி பல்லைக் கடித்தாள். எழுந்து வந்து, துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தபடி கேட்டாள். “ஏனுங்க, யாருங்க அது?”

அவன் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினான். “தேவாதான் சாரதா. சும்மா... கூடப் படிச்ச ஆளுங்க விசயம் பேசிட்டிருக்கறான்.”

“பூனாவுல இருந்து சும்மாவுங்களா?”

“அவனுக்குப் பொழுது போகலையாட்ட இருக்குது.”

பொழுது போகாதவன் தாயம் ஆடுவான், சீட்டு ஆடுவான். ட்ரங்க் காலிலா ஆடுவான்? அவள் நகரவில்லை. அவள் நகரவில்லை என்று தெரிந்ததும் அவன் இங்கிலீஷுக்குத் தாவினான்.

“யெஸ்... யெஸ், யெஸ்... மெடிக்கல்? நோ ப்ராப்ளம்... ஐ ஆம் ஃபிட், மேன்... ஹவ் மெனி டேஸ்? ... ஓகே, ஓகே...”

சாரதாமணி எட்டாவது வரை படித்தவள். ‘மெடிக்கல்’ புரிவதற்கு எட்டாவது தாராளம்.

“என்னங்க மெடிக்கலு?”

“தேவா சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லையாம்.”

“அதுக்கு நீங்க எதுக்குங்க ஃபிட்டா இருக்கோணும்?”

அவன் போனை எடுத்துக்கொண்டு, ஒயர் போகிற மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் அவள் அவன் நிற்கிற நிலையைப் பார்த்தாள். குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இடது கை வேட்டியை ஒட்டி நேராகத் தொங்கியது. எதிரில் சுவரில் கம்பெனிக் காலண்டரைத் தவிர யாரும் இல்லை, இவன் யாருக்கு விறைப்பாக நிற்கிறான்? அடப்பாவி பூனாக்காரா, உன் வீட்டில் பெண்டு பிள்ளை இல்லையா, அடுத்தவள் தாலியில் ஏன் கை வைக்கிறாய் என்று மனசுக்குள் அவனை ஏழு தலைமுறைக்கும் இழுத்துத் திட்டினாள்.

“அதை எதுக்குடா திரும்பத் திரும்பக் கேக்கறே? ... சொல்லியாச்சு... சொல்லியாச்சுங்கறேன்... அதெல்லாம்...” மேற்கொண்டு அவன் குசுகுசுத்தது பின்கட்டு மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. “...ஹலோ? ஹலோ... தேவா! ... ஹலோ... சே!”

லைன் அறுந்துபோனது. பின்கட்டிலிருந்து அவள் அப்பா வெள்ளியங்கிரிக் கவுண்டர் கத்தினார். “மாப்ளே! பல்லடத்து வண்டி நிக்குது, பண்டலை யாரு ஏத்தறது?”

“இதா வந்துட்டேனுங்க மாமா!”

குதிகால்கள் பிரிந்தன, தோள் தொங்கியது. அவள் முகத்தைப் பார்க்காமலே போனான். அவன் படியிறங்குவதற்குள் போன் மறுபடியும் அடித்தது. வரட்டும், பூனாக்காரனை இன்றைக்கு நாலு வாங்கு வாங்காமல் விடுவதில்லை என்று சாரதாமணி ரிசீவரை எடுத்தாள்.

“ஹலோ! ... எக்ஸ்சேஞ்சுங்களா? ... ஆமாங்க, வெள்ளியங்கிரிக் கவுண்டர் ஊடுதானுங்க... ஆமாங்க, பாதியில கட்டாயிருச்சுங்க... மறுக்காப் போடறதுன்னா பூனாவுல இருந்து அவங்கதானுங்களே போடோணும்? ... என்னங்க? ... நாங்களா? நாங்க எதுக்குங்க புக் பண்றோம்? ... காலையிலயா? ... யாரு பேருலீங்க?”

பேரைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவனே புக் செய்திருக்கிறான். பூனாக்காரன் இவனைக் கூப்பிடவில்லை, இவன்தான் பூனாக்காரனைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் திட்டிய திட்டெல்லாம் விலாசம் தப்பிப் போயிருக்கிறது.

“...போடுங்க. போடுங்கங்க, நானே பேசறேன்... ஹலோ... அண்ணா, நான் சாரதாமணிங்க... ஆமாங்க, அவங்க சம்சாரந்தானுங்க... சரக்கேத்தப் போயிருக்காருங்க... பாப்பா சௌக்கியமுங்க. அண்ணா, நெசத்தைச் சொல்லோணும். நீங்க வாடான்னு கூப்படறீங்களா, அவரா வர்றேங்கறாருங்களா? ... ம்... ம்... அவரேதானுங்களா... நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா? ... ஆமாங்க... ஆமாங்க... என்னங்க? நானா? ... நான் சந்தோஷமாச் சரின்னுட்டேன்னு சொன்னாருங்களா!”

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள்.

“...இல்லீங்க, லைன்லதான் இருக்கறேன்... என் வாயால சொன்னாத்தான் திரும்ப எடுக்கற லிஸ்ட்டுல அவரு பேரைச் சேர்ப்பீங்களா? ... இல்லாட்டி இதோட விட்டுருவீங்களா? ... புரியுதுங்க.”

‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். ஆள் வீட்டோடு கிடப்பான், தபால்காரர் பாட்டுக்குத் தெருவில் போவார் வருவார். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்நேரம் ஈஸ்வரமூர்த்தி தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வாசல்படியில் வந்து நின்றான். அவள் கையில் ரிசீவரைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

சண்டைக்குப் போக ஆசைப்பட்டதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மேஜரானவனைப் பற்றிப் பேசும்போது உதட்டோடு நின்ற சிரிப்பையும், சுவரைப் பார்த்து அவன் விறைப்பாக நின்ற நிலையையும் அவள் கண்ணாலேயே பார்த்தாளே. ஆனால் அவளைக் கேட்காமலே அவள் வாயில் ஒரு ‘சரி’யைத் திணித்துப் பூனா வரைக்கும் அனுப்பியிருக்கிறான். அதுதான் பொறுக்கவில்லை.

“அண்ணா, நான் சரின்னும் சொல்லலீங்க, வேண்டாம்னும் சொல்லலீங்க. எங்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேக்கலீங்க... இருங்க, வெச்சராதீங்க. அவரு வந்துட்டாரு... இல்லீங்க, போனை அவருகிட்டக் குடுக்கமாட்டேன். எங்கிட்டக் கேக்கட்டும். நீங்களும் கேட்டுட்டிருங்க.”

ரிசீவரை அவனுக்கும் தனக்கும் நடுவே நீட்டிப் பிடித்தாள். பின்கட்டிலிருந்து மாமனார் மறுபடியும் மாப்ளே என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. தலையைக் குனிந்தபடி, “நான் போகட்டுமா சாரதா?” என்று கேட்டான். மாமனாரிடம் பேசும் குரலும் இல்லை, சிநேகிதனிடம் பேசிய குரலும் இல்லை. கல்யாணமானதிலிருந்து அவன் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் ரிசீவரைக் காதில் வைத்தாள்.

“கேட்டுதுங்களாண்ணா? ... ஆமாங்க, கேட்டுட்டாருங்க... நானுங்களா?” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “பேரைச் சேர்த்துக்கங்கண்ணா... ஆமாங்க, என் வாயாலதானுங்க சொல்றேன்... நல்லா ரோசிச்சுத்தானுங்க... சரீங்க... அண்ணா, ஒன்னேயொன்னுங்க. அங்க வந்தும் இப்புடிப் பொய் சொன்னாருன்னா, எனக்கு ஒரு கால் புக் பண்ணுங்க.”

போனை வைத்துவிட்டாள்.