உறையிலிருக்கும் அருவாள்

பாடியில் ஆவடி பேருந்து ஏறினேன். உட்கார இடமில்லை. பக்கத்தில் முதுகுப்பை மாட்டி நின்ற இளைஞர் நண்பரிடம் சொன்னார்:

“ஹீரோ அருவாளை உறையிலேர்ந்து எடுக்கவே இல்ல மச்சான். அதுக்குள்ள டீக்கடைக்காரர் செத்துட்டாரு.”

முன் இருக்கை அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“நம்ம கேம்ல அருவாளைச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத பெட்டி கீதுல்ல, அது பட்டாலே வெட்டு. புதுசா போட்ட சாஃப்ட்வேர்ல அதைப் பெருசா இழுத்துட்டேன்.”

“சின்னதாக்குடா.”

“ஆக்கினேன். இப்ப வில்லன் கழுத்துல அருவா உள்ள போய் வெளிய வருது, அவன் பாட்டுக்கு டயலாக் பேசினுகீறான். நாளைக்கு மேனேஜர்கிட்ட காட்டணும்.”

அம்பத்தூர் ஓ.டி.யில் இளைஞர் இறங்கத் திரும்பினார். முதுகுப்பை பின்னால் நின்றவரின் மூக்கில் இடித்தது.

“சாரி சார், பட்டுச்சா?”

“பட்டுச்சு. மொதல்ல உன் பெட்டிய சின்னதாக்கு நைனா.”