பிரேக்குக்கு வந்த அவார்டு

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் கண்டபடி. வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் லாக்கப்பில் இருப்பவர் என் கணவர். ஒரு கம்பெனியின் ஊழியர் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாக டிரைவர். எறும்புக்கும் வழிவிட்டு ஓட்டுகிறவர் என்பதால் கம்பெனியில் அவரை பிரேக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். இதுவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதையும் எழுதச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் என் வயிற்று ஆபரேஷனுக்காக அவர் கிரெடிட் கார்டில் பணம் எடுத்தார். கட்டக் கட்ட வட்டிக்குத்தான் போனது, அசல் அசையவில்லை. பிறகு கட்ட முடியாமல் நின்றுவிட்டது. பேங்க் ஆட்கள் போனில் பேசிய பேச்சைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. அதன் பிறகு நாங்கள் வீடு மாறினோம், போனும் நின்றது. பழைய விலாசத்துக்குப் போன நோட்டீஸ் எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன், விலாசம் எப்படிக் கிடைத்ததோ, புது வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. உறையில் பேங்க் பெயர் இல்லை. யாரோ ஒரு பெரியவர் பெயரும் அதன் பின்னால் அவர் படித்த படிப்பெல்லாமும் இருந்தது. உள்ளே பன்னிரண்டு தாள், எல்லாம் இங்கிலீஷ். என் கணவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமே தவிர படித்தால் புரியாது. ஆனால் முதல் தாளில் பெரிதாகப் போட்டிருந்த ஒரு வார்த்தை அவருக்குத் தெரியும். விபத்தில்லாமல் ஓட்டிய டிரைவருக்குக் கம்பெனி வருடா வருடம் கொடுக்கும் ஷீல்டில் அதே வார்த்தைதான் இருக்கும். ஒவ்வொரு வருடமும் யாரோ வாங்க இவர் கீழே நின்று கை தட்டிவிட்டு வருவார். அந்த வார்த்தையை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அதன் பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். “அவார்டு. எனக்கும் வந்துடுச்சு பாரு” என்றார். எதற்கு இத்தனை தாள் என்று நான் கேட்டேன். “இருபத்திரண்டு வருஷமாச்சே, எழுத வேண்டாமா” என்றார்.

மறுநாள் கம்பெனி மேனேஜருக்கு நன்றி சொல்லப் போனார். மேனேஜர் போனில் இருந்துகொண்டே, சரி சரி, நல்லா ஓட்டு என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு முதல் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டினார். மற்ற பதினொன்றையும் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து, மாடியில் குடியிருக்கும் பெண் சாவி கொடுக்க வந்தாள். வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். “அக்கா, இது பரிசு இல்ல. கார்டு கடனுக்கு நடுவர்னு ஒருத்தர் போட்ட தீர்ப்பு. அதுக்கும் அவார்டுன்னுதான் பேரு. தபால் வந்து மூணு மாசத்துக்குள்ள இதை ரத்து பண்ணச் சொல்லி கோர்ட்ல மனு போடணும். பழைய வீட்டுக்கு நோட்டீஸ் போனதைச் சொன்னா கேப்பாங்க. அண்ணன் கையெழுத்து வேணும், இன்னைக்கே சொல்லிடுங்க” என்றாள். இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

சொல்லத்தான் முன்னறைக்குப் போனேன். அவர் பஸ் கண்ணாடி துடைக்கும் துணியால் அந்தச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அவருடன் வாழ்கிறேன், அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் அவருடைய தம்பி வந்திருந்தார், என் கணவர் தம்பியிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. டைப்பிஸ்ட் இரண்டு முறை கேட்டாள், சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இருபத்தாறு நாளும் இப்படியே போனது. யாரும் என் வாயைக் கட்டவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு கோர்ட் அமீனாவும் பேங்க் ஆள் ஒருவரும் ஜப்தி உத்தரவுடன் வந்தார்கள். அமீனா மரியாதையாகத்தான் பேசினார். பீரோ, டிவி, என் தையல் மிஷின் எல்லாவற்றையும் எழுதினார். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். “சார், வீடு மாறி வந்துட்டீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல, இதைப் பாருங்க” என்று சட்டத்தைக் கழற்றி அமீனா கையில் கொடுத்தார். அமீனா அதில் இருந்த நம்பரையும் தன் தாளில் இருந்த நம்பரையும் பார்த்தார். இரண்டும் ஒன்று. அமீனா தலையைக் குனிந்துகொண்டு, அது என்ன தாள் என்பதை மெதுவாகச் சொன்னார். பேங்க் ஆள் சிரித்துவிட்டார். “கடனுக்கெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டுறான்யா” என்றார். அதன் பிறகு என் கணவர் சட்டத்தைத் திரும்ப வாங்கி அதனாலேயே அந்தப் பேங்க் ஆளை அடித்தார். ஒரு அடிதான். பேங்க் ஆளுக்குப் புருவத்துக்கு மேல் நான்கு தையல் என்று சொன்னார்கள்.

போலீஸ் கேஸ் உள்ள டிரைவரைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. அது தெரிந்துதான் இதைச் சொல்கிறேன். அடித்தது அவர் என்றாலும் அந்தத் தாளை அதுவரை சுவரில் தொங்கவிட்டவள் நான். கேஸை என் மேல் போட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். எனக்கு முன்பே தெரியும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அதுவும் முடியாது என்றார்கள்.

எழுதியதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். தாளின் தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்றும் கேட்டேன். வாக்குமூலம் என்றார்கள். அதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மேலே சொன்னது அத்தனையும் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை. இதன் நகல் ஒன்று என் கணவருக்கும் கொடுக்கப்படும் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. தமிழ் அவர் நன்றாகவே படிப்பார்.

(கையொப்பம்)